திரும்பி வராத யோயோ

யோயோ என்றதும் நம்மாளுங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கிரிக்கெட் வீரர்களை ஓடவிட்டு மூச்சு வாங்க வைக்கிற யோ-யோ டெஸ்ட். ரெண்டாவது, ஒரு பஞ்சாபிப் பாடகர். மூணாவதாகத்தான், விரலில் நூலை மாட்டிக் கீழே விட்டால் மேலே வருகிற அந்தப் பொம்மை. இந்தப் பதிவு மூணாவது ஆளைப் பற்றியது. முதல் ரெண்டு பேரின் ரசிகர்கள் மன்னிக்கவும் :-)

விட்டா கீழே போகும், சுண்டினா மேலே வரும், இதுக்கு ஒரு வரலாறு வேற கேடான்னு நீங்க கேட்கலாம். ஒரே ஒரு தகவல் சொல்றேன். இன்னைக்குப் போட்டிகளில் ஆடுகிற பெரும்பாலானவர்கள் கையில் இருக்கிற யோயோ, சுண்டினால் மேலே வராது. நூலின் அடியில் நின்றுகொண்டு பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது ரிப்பேர் இல்லை. அப்படித்தான் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து, கணக்குப் பார்த்து, அலுமினியத்தில் கடைந்து எடுத்திருக்கிறார்கள்.

திரும்பி வருவதற்காகவே பிறந்த ஒரு பொம்மை, திரும்பி வராமல் இருக்கக் கற்றுக்கொண்ட கதை இது. கற்றுக்கொடுத்தவர்கள் யாரென்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். ஒரு ஓட்டல் பையன், ஒரு பல் டாக்டர், கையில் சீலன்ட் டியூபை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சில பசங்க. கம்ப்யூட்டர் கடைசியில்தான் வருது.

கிண்ணத்தில் இருந்த பையன்

பெர்லின் அருங்காட்சியகத்தில் பழைய கிரேக்கக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. சுமார் கி.மு. 440ஐச் சேர்ந்தது. அதன் உட்புறத்தில் ஒரு பையன் நூலில் கட்டிய வட்டு ஒன்றை ஆட்டிக்கொண்டிருக்கிறான். அது யோயோதான் என்று பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். சுமார் 1770ல் வட இந்தியாவில் வரையப்பட்ட ஒரு ராஜபுத்திர ஓவியத்தில் ஒரு பெண் இதையே ஆடுகிறாள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிஸ் பிரபுக்கள் கையில் இது இருந்தது. இங்கிலாந்தில் இதற்குப் பெயர் பேண்டலோர். ஆக, யோயோவைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாருன்னு கேட்கிற மாதிரிதான்.

பிலிப்பைன்ஸில் இதை வேட்டை ஆயுதமாக வைத்திருந்தார்கள், மரத்து மேலே உட்கார்ந்து எதிரி மண்டையில் போடுவார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் நம்பும்படியான ஆதாரம் எதுவும் கிடையாது. விளம்பரத்துக்கு ரொம்ப வசதியான கதை என்பதால் விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தப் பொம்மையின் வடிவமைப்பைப் பற்றி யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்பதற்குத் தெளிவான தாள் ஆதாரம் 1866ல் கிடைக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹேவன், சார்லஸ் ஹெட்ரிக் என்ற ரெண்டு பேர் அந்த வருஷம் நவம்பர் 20ந் தேதி ஒரு காப்புரிமை வாங்கினார்கள். மேம்படுத்தப்பட்ட பேண்டலோர் என்பது விஷயம். ரெண்டு வட்டுகளை நடுவில் சேர்க்கிற முறையைச் சொல்லிவிட்டு, விளிம்பு தடிமனாக இருந்தால் அது ஃப்ளைவீல் போல வேலை செய்யும் என்பதையும் தொட்டிருக்கிறார்கள். இந்த விளிம்பு மேட்டரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்று ஐம்பது வருஷம் கழித்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லாரும் கணக்குப் போட்டதும் இதே விளிம்பைத்தான்.

நூலைக் கட்டாதே, சுற்றி விடு

பேண்டலோரில் நூலை அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பார்கள். கீழே போகும், நூல் தீர்ந்ததும் அதே வேகத்தில் மேலே சுற்றிக்கொண்டு வரும். வேறு எதுவும் செய்ய முடியாது. பத்து நிமிஷம் ஆடினால் அலுத்துவிடும்.

பிலிப்பைன்ஸில் செய்த யோயோவில் நூலைக் கட்டவில்லை. ஒரே நீள நூலை ரெண்டாக மடித்து முறுக்கி, மடிப்பில் வருகிற வளையத்துக்குள் அச்சை விட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இப்போது நூல் தீர்ந்த இடத்தில் யோயோவால் வளையத்துக்குள்ளேயே நின்று சுற்ற முடியும். யோயோக்காரர்கள் இதைத் தூங்குவது என்பார்கள். பம்பரம் ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நின்று சுற்றுமே, அந்த மாதிரி. தூங்குகிற நேரத்தில்தான் வித்தை காட்ட முடியும். நாயை நடத்திக் கூட்டிப்போவது, தொட்டில் ஆட்டுவது எல்லாம் அந்தச் சில விநாடிகளில் நடப்பவை.

இந்த நூல்முறையை அமெரிக்காவில் வியாபாரமாக்கியவர் பேத்ரோ ஃப்ளோரெஸ். பிலிப்பைன்ஸின் வின்டார் என்ற ஊரில் 1896ல் பிறந்தவர். 1915ல் அமெரிக்கா வந்தார். சட்டம் படிக்க ஆரம்பித்து, பாதியில் விட்டு, கடைசியில் கலிஃபோர்னியாவில் ஓட்டலில் பெட்டி தூக்குகிற வேலைக்குப் போனார். 1928 ஜூன் 9ந் தேதி சாண்டா பார்பராவில் யோயோ கம்பெனி ஆரம்பித்தார். முதலில் கையால் செய்தது ஒரு டஜன்தான். அடுத்த வருஷக் கடைசியில் அறுநூறு பேர் வேலை பார்த்து, ஒரு நாளைக்கு மூன்று லட்சம் யோயோ செய்கிற அளவுக்கு அது வளர்ந்திருந்தது.

அது எப்படிப்பட்ட காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். 1930 ஜனவரியில் அதே கலிஃபோர்னியாவில் வாட்சன்வில் என்ற ஊரில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களைக் கும்பல் கும்பலாகத் துரத்தி அடித்தார்கள். ஒரு இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படி ஒரு சூழலில், ஒரு பிலிப்பைன்ஸ்காரர் செய்த பொம்மை வெள்ளைக்காரப் பிள்ளைகள் கையிலெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. யோயோவை நான்தான் கண்டுபிடித்தேன் என்று ஃப்ளோரெஸ் ஒருநாளும் சொன்னதில்லை. எங்க ஊரில் பிள்ளைகள் ஆடுவது, நான் கொண்டுவந்தேன் என்றுதான் சொன்னார்.

அவரிடமிருந்து கம்பெனியையும் பெயரையும் விலைக்கு வாங்கியவர் டொனால்ட் டங்கன். 1930களின் தொடக்கத்தில் கைமாற்றம் முழுசாக முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு உலகத்துக்கு யோயோ என்றால் டங்கன்தான். ஃப்ளோரெஸ் பெயர் பொம்மையிலிருந்து போய்விட்டது. ஆனால் டங்கன் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் மிட்டாய்க் கடை வாசலில் நின்று ஆடிக்காட்டியவர்களில் நிறையப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்களே. வாங்குகிற பிள்ளையின் யோயோவில் பேனாக்கத்தியால் தென்னை மரமும் பிள்ளையின் பெயரும் செதுக்கிக் கொடுப்பார்கள். கஸ்டம் யோயோ என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதற்கு இவர்களைத்தான் முன்னோடி என்பேன்.

மேப்பிள் மரமும் ஒரு தீர்ப்பும்

1946ல் டங்கன் கம்பெனி விஸ்கான்சின் மாநிலத்தில் லக் என்ற சின்ன ஊரில் ஃபேக்டரி போட்டது. மேப்பிள் மரம். ஒரு மணி நேரத்துக்கு 3,600 யோயோ. 1962ல் மட்டும் நாலரைக் கோடி விற்றதாகக் கணக்கு. டிவி விளம்பரம் அப்படி வேலை செய்தது.

உச்சியிலிருந்து கீழே வர மூன்றே வருஷம்தான் ஆச்சு. விளம்பரச் செலவு, ஓவர்டைம் கூலி, மரத்தின் விலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பெயருக்கான வழக்கு. யோயோ என்பது எங்கள் வியாபாரப் பெயர், மற்றவர்கள் போடக்கூடாது என்று டங்கன் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ராயல் டாப்ஸ் என்ற கம்பெனியோடு நடந்த வழக்கில் 1965ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், யோயோ என்பது அந்தப் பொம்மையின் பொதுப்பெயர், யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிவிட்டது. ஃப்ளோரெஸ் எப்பவோ சொன்னதைத்தான் கோர்ட்டும் கடைசியில் சொன்னது. அதே வருஷம் டங்கன் கம்பெனி திவால். அவர்களுக்கு பிளாஸ்டிக் யோயோ அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃப்ளாம்போ என்ற கம்பெனி 1968ல் பெயரை வாங்கிக்கொண்டது.

பிளாஸ்டிக் யோயோவால் விலை குறைந்தது, எண்ணிக்கை கூடியது. வடிவமைப்பு மட்டும் உறைந்துவிட்டது. காரணம் எளிது. பிளாஸ்டிக் பொருள் செய்ய மோல்டு வேண்டும். மோல்டுக்கு ஆரம்பத்திலேயே பெரிய தொகை போடணும். போட்ட காசு வரணும்னா ஆயிரக்கணக்கில் விற்கணும். விளிம்பை அரை மில்லிமீட்டர் கூட்டிப் பார்க்கலாமா என்று ஆடுகிறவனுக்குத் தோன்றினால், அதற்காக யாரும் புது மோல்டு வெட்டப்போவதில்லை. ஆடுகிறவனுக்கும் செய்கிறவனுக்கும் நடுவில் ஒரு இரும்புக் கட்டி உட்கார்ந்துகொண்டது.

பல் டாக்டர் செய்த வேலை

மர யோயோவின் பெரிய பிரச்சினை அச்சு. நூல் உரசி உரசி அச்சு தேயும், கருகும். அச்சு போனால் யோயோ போச்சு. சான் ஃபிரான்சிஸ்கோவில் டாம் குன் என்று ஒரு பல் டாக்டர். பல்லில் ஒரு பகுதி போனால் அந்தப் பகுதியை மட்டும் மாற்றுகிற தொழில் அவருக்கு. யோயோவுக்கும் அதையே செய்தார். 1970களின் கடைசியில் அவர் கொண்டுவந்த நோ ஜைவ் என்ற மர யோயோவைக் கழற்றலாம், அச்சை மட்டும் மாற்றலாம். பாதிகளைத் திருப்பிப் போட்டு மூன்று விதமான வடிவத்தில் ஆடவும் செய்யலாம்.

சும்மா இல்லை இந்த மனுஷன். 1979ல் நாலடி உயரத்துக்கு, 256 பவுண்டு எடையில் ஒரு மர யோயோ செய்து கிரேனில் கட்டித் தொங்கவிட்டவர் :-)

அடுத்த பெரிய மாற்றமும் இவர் கையால்தான். யோயோவில் பால் பேரிங் வைக்கும் யோசனை புதுசு இல்லை. ஸ்வீடனின் பேரிங் கம்பெனி எஸ்கேஎஃப் 1984லேயே ஒன்று செய்து பார்த்தது. ஆனால் ஆடுகிறவர்கள் மத்தியில் நின்றது 1990ல் குன் கொண்டுவந்த சில்வர் புல்லட் 2 என்ற அலுமினிய யோயோ. நூல் இப்போது அச்சைத் தொடவில்லை. பேரிங்கின் வெளிவளையத்தில் உட்காருகிறது. உள்ளே யோயோ சுற்றும், நூல் சும்மா இருக்கும். மரத்தில் விநாடிக் கணக்கில் தூங்கியது, இப்போது நிமிஷக் கணக்கில் தூங்க ஆரம்பித்தது. 2012ல் வைத்த ஒரு சாதனையில் அரை மணி நேரத்தையே தாண்டியது.

இதே காலத்தில் எதிர்த் திசையிலும் ஒருத்தர் யோசித்தார். மைக்கேல் காஃப்ரி 1980ல் காப்புரிமை வாங்கிய மூளையுள்ள யோயோ. உள்ளே ஸ்பிரிங் வைத்த குட்டிக் கைகள் இருக்கும். வேகமாகச் சுற்றும்போது மைய விலக்கால் கைகள் விரிந்து அச்சை விட்டுவிடும். வேகம் குறைந்ததும் ஸ்பிரிங் அவற்றை இழுத்து அச்சைப் பிடிக்க வைக்கும், யோயோ தானாக மேலே வரும். 1984ல் தொடங்கிய யோமெகா கம்பெனி இதை விற்றது. கற்றுக்குட்டிக்கு வரப்பிரசாதம். ஆனால் எப்போது திரும்பணும் என்பதை யோயோ முடிவு செய்தது, ஆடுகிறவன் முடிவு செய்யவில்லை.

நடுவில் ஒரு விண்வெளிச் செய்தி. 1985 ஏப்ரலில் டிஸ்கவரி விண்கலத்தில் டேவிட் கிரிக்ஸ் ஒரு யோயோவை எடுத்துக்கொண்டு போய் ஆடிப்பார்த்தார். மெதுவாக விட்டாலும் போகிறது, திரும்பி வருகிறது. தூங்க மட்டும் மாட்டேன் என்றது. தூங்கணும்னா நூலை இழுத்துப் பிடிக்கிற எடை வேண்டும். மேலே அது இல்லை.

சீலன்ட் பசங்க

பேரிங் வந்ததும் புதுத் தலைவலி. ரொம்ப நேரம் தூங்குகிறது, சரி. திரும்பி வரணும்னா உள்சுவரில் நூலைக் கவ்விப் பிடிக்க ஏதாவது வேண்டும். அதற்காக ஸ்டிக்கர், ரப்பர் வளையம், உள்பக்கம் நட்சத்திர வடிவில் வரிகள் என்று என்னென்னவோ வைத்தார்கள். ஆனால் நூலைப் பல சுற்றாகப் பின்னி, அதன் மேல் யோயோவை இறக்கி ஏற்றி வித்தை செய்கிறவர்களுக்கு இந்தக் கவ்வல்தான் எதிரி. வித்தையின் நடுவில் நூலைக் கவ்விக்கொண்டு கை முட்டியில் வந்து அடிக்கும்.

2000களின் தொடக்கத்தில் ஆட்டக்காரர்கள் தாங்களே பிரித்து மேய ஆரம்பித்தார்கள். கம்பெனி வைத்த கவ்வலைப் பிய்த்துப் போட்டார்கள். பள்ளத்தில் கார் ரிப்பேருக்கு வாங்குகிற சிலிக்கோன் சீலன்ட்டைப் பிதுக்கி, பிளேடால் சமன் செய்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டார்கள். ரெண்டு பாதிக்கும் நடுவில் மெல்லிய வாஷர் வைத்து இடைவெளியைக் கூட்டினார்கள். இப்போது சுண்டினால் யோயோ வராது. வரணும்னா நூலை ஒரு மடிப்பாக மடித்து இடைவெளிக்குள் ஊட்டணும். அந்த மடிப்பு சிலிக்கோனில் உரசிச் சிக்கி, யோயோ சர்ரென்று மேலே ஏறும். திரும்பி வருவது பொம்மையின் குணமாக இருந்தது போய், ஆடுகிறவனின் வித்தைகளில் ஒன்றாக ஆகிவிட்டது.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஃப்ளோரெஸ் முடிச்சை அவிழ்த்தார், குன் உராய்வை எடுத்தார், இந்தப் பசங்க கவ்வலையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைக் கழித்திருக்கிறார்கள்.

கடைசியாகக் கம்ப்யூட்டர்

பிரித்து மேய்வதற்கு ஒரு எல்லை உண்டு. இடைவெளியை மாற்றலாம், எடையை எங்கே வைப்பது என்பதை மாற்ற முடியாது. அதுக்கு யோயோவையே புதுசாகச் செய்யணும்.

கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கு, பயப்படாதீங்க. சுற்றுகிற பொருள் வேகம் குறையாமல் இருக்க அதன் எடை மட்டும் போதாது, அந்த எடை நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும். தூரம் வர்க்கமாக ஏறும். பிளஸ் டூ இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, அதேதான். நடுவிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருக்கிற ஒரு கிராமைச் சுரண்டி எடுத்து 2.5 செ.மீ. தூரத்தில் வைத்தால் அதன் பங்கு 6.25 மடங்கு ஆகும். 66 கிராம் எடையும் 56 மி.மீ. விட்டமும் உள்ள ஒரு யோயோ சீரான வட்டாக இருந்தால் ஒரு அளவு. அதே 66 கிராமும் விளிம்பு வளையத்திலேயே இருந்தால் சரியாக அதைப்போல ரெண்டு மடங்கு. நிஜ யோயோ இந்த ரெண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். 1866 காப்புரிமைக்காரர்கள் தொட்டது இதைத்தான்.

கையால் இந்தக் கணக்கைப் போடலாம். ஆனால் யோயோவின் குறுக்குவெட்டு நேர்கோடு இல்லை. வளைவு, படி, பள்ளம் என்று போகும். ஒரு வளைவை மாற்றினால் மொத்தக் கணக்கையும் திரும்பப் போடணும். 10 மி.மீ. அகலமுள்ள விளிம்பின் தடிமனை 0.1 மி.மீ. மட்டும் கூட்டுங்கள். அலுமினியத்தில் ரெண்டு பாதிக்கும் சேர்த்து கிட்டத்தட்ட ஒரு கிராம் ஏறிவிடும். ஒரு கிராம் என்பது ஆடுகிறவர்கள் மணிக்கணக்கில் வாதாடுகிற அளவு.

இங்கேதான் கம்ப்யூட்டர் நுழைகிறது. முப்பரிமாண வரைவு மென்பொருள்கள் முன்னாடியே இருந்தன. 1980களில் அவை விமானக் கம்பெனி, கார் கம்பெனி சமாச்சாரம். தனி மெஷின், பெரிய விலை. 1995ல் சாலிட்வொர்க்ஸ் சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு வந்தது. இஞ்சினியரிங் படிக்கிற பசங்க கைக்கு அது போனது. அந்தப் பசங்களில் சிலர் யோயோ ஆடுகிறவர்கள்! அமெரிக்காவின் எம்ஐடியில் உற்பத்தித் தொழில்நுட்பம் சொல்லித்தருகிற ஒரு வகுப்பில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து யோயோவை வரைந்து, மோல்டு வெட்டி, தாங்களே அச்சடித்து எடுப்பது பல வருஷங்களாகப் பாடமாகவே இருந்து வந்திருக்கிறது.

யோயோ இந்த மென்பொருளுக்கென்றே செய்த உருவம் மாதிரி. குயவர் சக்கரத்தில் பானையின் ஒரு ஓரத்தைக் கை தீர்மானிக்கிறது, சுற்றுவது மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது இல்லையா? அதே முறை. ஒரு பாதியின் ஓரக்கோட்டை மட்டும் வரைந்து, அச்சைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னால் முழு உருவம் வந்துவிடும். எந்த உலோகம் என்று சொன்னால் எடை, திருப்புத்திறன் எல்லாம் அடுத்த நொடியில் திரையில்.

வரைகிறவர்கள் உள்ளிருந்து வெளியே வருவார்கள். முதலில் பேரிங். பரவலாகப் புழங்குகிற அளவு வெளிவிட்டம் 12.7 மி.மீ., அகலம் 4.76 மி.மீ. அது உட்காரும் மேடை, நடுவில் ஸ்க்ரூ போக மரை, பக்கத்தில் சிலிக்கோன் வளையத்துக்குப் பள்ளம். சீலன்ட் பசங்க பிளேடால் செய்தது இங்கே வரைபடத்திலேயே ஏறிவிட்டது. இந்த மூன்றையும் பெரும்பாலும் மாற்ற முடியாது. அதற்கு வெளியேதான் கற்பனை. சுவர் நேராகச் சரியணுமா, வளையணுமா, படி வைக்கணுமா, விளிம்பு எவ்வளவு தடிமன், குழியில் எவ்வளவு சுரண்டுவது என்று ஆரம்பித்தால் தூக்கம் போய்விடும்.

மோல்டு என்ற இரும்புக் கட்டி இப்போது வழியில் இல்லை. கம்ப்யூட்டரில் ஓடுகிற லேத்துக்கு மோல்டு தேவையில்லை, ஃபைல் போதும். ஐம்பது செய்யலாம், அஞ்சு செய்தும் பார்க்கலாம். அதனால்தான் 2000களில் சின்னச் சின்ன யோயோ கம்பெனிகள் முளைத்தன. பிளாஸ்டிக் உடம்பில் உலோக வளையம் மாட்டிய யோயோஜாம், அரிசோனாவின் யோயோஃபேக்டரி, ஓரெகானில் சொந்தப் பட்டறையோடு இறங்கிய ஒன் டிராப் என்று பட்டியல் நீளும். ஆரம்பித்தவர்களில் பலர் முதலில் ஆட்டக்காரர்கள், அப்புறம்தான் முதலாளிகள். 2013ல் ஃப்யூஷன் 360 வந்தது, பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. வீட்டு மேஜையில் வைக்கிற முப்பரிமாணப் பிரிண்டரும் அதே காலத்தில் விலை இறங்கியது.

திரையில் வராதது

வரைந்தால் ஆச்சா? கோயம்புத்தூர் லேத் பட்டறைக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்.

முதலில் பிரிண்டர். அதில் எடுத்த யோயோவைக் கையில் பிடித்து உருவத்தைப் பார்க்கலாம், விளிம்பு விரலை உறுத்துதான்னு பார்க்கலாம். வேகமாக விட்டால் பெரும்பாலும் நடுங்கும். அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக்கை ஊற்றுவதால் எடை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழாது. நிமிஷத்துக்குச் சில ஆயிரம் சுற்று ஓடுகிற பொருளில் அந்தச் சின்ன வித்தியாசம் பெரிய உதறலாகத் தெரியும்.

அப்புறம் லேத். திரையில் உள்மூலையைக் கூர்மையாக வரைந்துவிடலாம். வெட்டுகிற டூலின் முனை உருண்டை, அதற்கு மேல் கூர்மை வராது. சுவரை மெல்லிசாக்கி எடை மிச்சம் பிடிக்கலாம். வெட்டும்போது அந்தச் சுவர் அதிர்ந்து வரிவரியாகிவிடும். பாதியை ஒருபக்கம் கடைந்த பிறகு திருப்பிப் பிடித்து மறுபக்கம் கடையணும். திருப்பிப் பிடிக்கையில் மையம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு நகர்ந்தாலும் விரலில் தெரிந்துவிடும். எல்லாம் சரியாக வந்து கலர் ஏற்ற அனோடைசிங் போட்டால் மேலே ஒரு மெல்லிய படலம் வளரும். பேரிங் மேடையில் அதற்கும் இடம் விட்டிருக்கணும்.

இதையெல்லாம் தாண்டி முன்மாதிரி ரெண்டு மூணு கைக்கு வரும். கணக்கில் எல்லாம் பொருந்தியிருக்கும். ஆட்டக்காரன் பத்து நிமிஷம் ஆடிவிட்டு, கனமா இருக்குப்பா என்பான். எடை அதே 66 கிராம்தான்! இன்னொன்றைக் கொடுத்தால், இது மிதக்குது என்பான். அதுவும் 66 கிராம். அந்த 'மிதக்குது'க்கு எந்த மென்பொருளிலும் கட்டம் கிடையாது. திரும்பப் போய் ஒரு வளைவை மாற்றி, திரும்பக் கடைந்து, திரும்ப அவன் கையில் கொடுக்கணும். ஓட்டல் வேலைக்காரர் கையால் செய்த அந்த முதல் டஜனுக்கும் இந்த முன்மாதிரிக்கும் முறை ஒன்றுதான். செய், ஆடு, மாற்று.

ஒரு நஷ்டமும் உண்டு. எல்லாரும் ஒரே கணக்கை ஒரே மாதிரி மென்பொருளில் போட்டால் விடையும் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். போட்டி யோயோக்களை வரிசையாக அடுக்கிவைத்தால் விட்டம் 56ஐ ஒட்டி, எடை அறுபதுகளின் நடுவில், கலர் மட்டும் வேறு. அதனால்தானோ என்னவோ, ஒரு கூட்டம் மறுபடி மர அச்சு யோயோவுக்கே போய், சில விநாடித் தூக்கத்தில் என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறது.

கடைசியாக ஒரு விஷயம். இன்றைய யோயோவின் குழியில் பார்த்தால் ஆட்டக்காரர் பெயர் பொறித்திருக்கும். ஃப்ளோரெஸுக்கும், கடை வாசலில் தென்னை மரம் செதுக்கிய அந்தப் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் கிடைக்காத மரியாதை இது, சந்தோஷம்தான். ஆனால் இந்த யோயோக்களில் பெரும் பங்கைச் சீனாவில் ஏதோ ஒரு பட்டறையில்தான் கடைகிறார்கள். பாதியைத் திருப்பிப் பிடித்து, டயல் முள் ஆடாமல் மையத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிற அந்த லேத்காரர் பெயர் எந்த யோயோவிலும் இல்லை. உதறாமல் அது தூங்குவதற்குப் பாதிக் காரணம் அவர்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு பரணில் கிடக்கிற பழைய பிளாஸ்டிக் யோயோவைத் தேடுகிறவர்கள், முதலில் நூலை மாற்றவும். பழைய நூல் அறுந்து டிவி உடைந்தால் கம்பெனி பொறுப்பல்ல :-)